ஆக்கிப்போடும் கை

எங்கள் வீட்டு ஆல்பத்தில் சித்தி எந்தப் படத்திலும் நேராக நிற்கமாட்டாள். காதுகுத்து, மாமா கல்யாணம், ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போன அன்று ஸ்டுடியோவில் எடுத்த படம், எல்லாவற்றிலும் பாதி முகம் இன்னொருவர் தோளுக்குப் பின்னால் இருக்கும். கை முந்தானைக்குள் இருக்கும். சின்ன வயதில் சித்தி ரொம்ப வெட்கப்படுகிறவள் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குப் பதினேழு வயதில் உதட்டோரம் வெள்ளை விழுந்தது. மறு வருடம் விரல் நுனிகளில். எழுபதுகளின் கடைசியில் சிவகிரியில் அதற்கு ஒரே பெயர்தான்: வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குஷ்டத்துக்குக் கிருமி உண்டு, இதற்குக் கிருமியே இல்லை. தொட்டால் ஒட்டாது, உணர்ச்சி போகாது, உயிருக்கு ஆபத்தில்லை. தோலுக்கு நிறம் தருகிற மெலனோசைட் என்ற செல்களை உடம்பின் எதிர்ப்பாற்றலே எதிரி என்று நினைத்துத் தேடித் தேடிக் கொல்கிறது. நடப்பது இவ்வளவுதான். ஆனால் பெயருக்குள் குஷ்டம் இருந்ததால் சித்தியின் தட்டும் தம்ளரும் தனியாயின.

ஆச்சி சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து குழைத்துப் பூசினாள். மீனையும் தயிரையும் சேர்த்துத் தின்றதால் வந்தது என்று ஒருத்தி சொல்ல, வீட்டில் இரண்டு வருடம் மீன் வாங்கவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று கார்போக அரிசியை அரைத்து உதட்டில் தடவி, மொட்டைமாடி வெயிலில் உட்கார வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் உதடு வெந்து கொப்புளித்துவிட்டது. அந்த வடு இப்போதும் இருக்கிறது.

பல வருடம் கழித்துப் பாடப்புத்தகத்தில் அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் இடம் மாறியது. கார்போக அரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், நிறம் தரும் செல்கள் தூண்டப்படுகின்றன. 1940களில் எகிப்திய மருத்துவர் அப்தெல் மோனெம் எல் மொஃப்தி அவர்கள் ஊர்ச் செடி ஒன்றிலிருந்து கிடைத்த இதே வகைப் பொருளை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைய ஒளி மருத்துவத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. ஆக, ஆச்சிக்குச் சொன்னவர்கள் மருந்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதைச் சொல்ல ஆளில்லை. ஐந்து நிமிட வெயிலில் தொடங்க வேண்டியதை, பெண் சீக்கிரம் கரையேற வேண்டும் என்ற அவசரத்தில் மதியம் முழுக்க வைத்துவிட்டார்கள்.

கரையேறவும் செய்தாள். மனைவியை இழந்த, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு ரெண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த தாத்தாவின் கூட்டாளி ஒருவருக்கு முழங்கை வரை வெள்ளை. அவர் கையால் எண்ணிக் கொடுத்த ரூபாயை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவருடைய மூன்று பெண்களும் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதோ, மூன்று இடம் "பொண்ணோட சித்திக்கு இருக்காமே" என்று கேட்டுவிட்டுப் போனது. வெண்புள்ளி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை என்பதை அப்போதே படித்திருந்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது.

நான் தோல் மருத்துவம் எடுத்ததற்குச் சித்தி காரணம் என்று இப்போது மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும். அன்று நடந்தது வேறு. எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது எனக்கு அறுவை சிகிச்சையில் ஆசை இருந்தது. "தோல் எடுத்துக்கோ, பொம்பளப் பிள்ளைக்கு ஏத்த பிராஞ்ச். நைட் டியூட்டி கிடையாது, எமர்ஜென்சி கிடையாது, குழந்தை குட்டியைப் பாத்துக்கலாம்" என்று வீட்டிலும் சொன்னார்கள், கல்லூரியிலும் சொன்னார்கள். எடுத்தேன்.

முதல் வருடம் புத்தகத்தில் இருந்த படங்களில் நம் தோல் கிட்டத்தட்ட இல்லை. சிவந்திருக்கும் என்று எழுதியிருக்கும். எங்கள் ஓ.பி.யில் எதுவும் சிவக்காது, கன்றி ஊதா நிறமாகும், அல்லது இன்னும் கறுக்கும். ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த தோல் வகைகளை மனப்பாடம் செய்தோம். அவர் முதலில் வகுத்தது வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகளைத்தான். பழுப்பும் கறுப்பும் பிறகு ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் சேர்க்கப்பட்டன. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பட்டியலில் வால். அதே 1975இல்தான் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2020இல் அதற்குப் பெயரை மாற்றினார்கள். ட்யூபின் நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை.

ஓ.பி. வரிசையில் முன்னால் நிற்பவள் நிறத்தைக் குறைக்க வந்திருப்பாள், அவளுக்குப் பின்னால் நிற்பவள் போன நிறத்தைக் கேட்டு வந்திருப்பாள். முன்னவள் மருந்துக்கடையில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மாதக்கணக்கில் தடவி, கன்னத்தின் தோல் காகிதமாக மெலிந்து, நரம்பு தெரிய வந்திருப்பாள். இருவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "கல்யாணத்துக்கு முன்னாடி சரியாயிருமா டாக்டரம்மா?" வயது நாற்பதானால் "பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி." எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அதற்கு அறிவியல் பதில் எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

என் ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஸ்டிக்கர் பொட்டு. சரியாக நெற்றி நடுவில், பொட்டு அளவுக்கு வட்டமாக வெளுத்துப்போன பெண்கள் நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அலகாபாத்தில் டாக்டர் ஏ. கே. பஜாஜும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1990லேயே இதை எழுதியிருந்தார்கள். பொட்டின் பின்பக்கப் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் மெலனோசைட்டைக் கொல்கிறது. சிலருக்கு வட்டம் வட்டமாகவே நிற்கும். சிலருக்கு அங்கே தொடங்கி உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவும். ரப்பர் செருப்பின் வார், தலைச்சாயம் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட பொருள்கள் இருக்கின்றன. இந்தக் கதை பழையது. 1939இல் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை போட்ட தொழிலாளர்களின் கைகள் வெளுத்ததைக் கண்டுபிடித்தபோது தொடங்கியது. 2013இல் ஜப்பானில் கனேபோ நிறுவனத்தின் வெண்மையூட்டும் க்ரீம்களால் ஏறத்தாழ 19,000 பேருக்குத் திட்டுத்திட்டாக நிறம் போனது. வெள்ளையாவதற்கென்று வாங்கியவர்கள் அவர்கள்.

பொட்டு ஆய்வில் ஓர் அம்மாவை மறக்க முடியாது. கணவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பொட்டை எடுத்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. "எடுத்துட்டேன், ஆனா போகமாட்டேங்குது. எல்லாரும் என்னையே பாக்காவ" என்றார். வைத்துக்கொள்ளவும் விதி, எடுக்கவும் விதி, இடையில் ஒரு ரூபாய் பசை. ஆய்வேட்டில் அவர் ஒரு எண்.

பிறகு இரண்டு வருடம் அமெரிக்காவில் ஒரு மெலனோமா ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மெலனோமா என்பது அதே மெலனோசைட்டில் வரும் புற்றுநோய். செத்துப்போனால் வெண்புள்ளி, கட்டுக்கடங்காமல் பெருகினால் மெலனோமா. ஒரே செல்லைப் பற்றிய இரண்டு துறைகள் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லெர்னர் தோலின் நிறக் கோளாறுகளுக்கு மருந்து தேடி, ஆயிரக்கணக்கான மாட்டு மூளைகளின் பினியல் சுரப்பிகளைச் சேர்த்து அரைத்து 1958இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலை அது வெளுக்க வைத்தது. மனிதத் தோலை ஒன்றும் செய்யவில்லை. இன்று தூக்க மாத்திரையாக விற்கிற மெலடோனின் அதுதான். நெதர்லாந்தில் தொடங்கி அமெரிக்காவுக்குப் போன கரோலின் லெ பூல், வெண்புள்ளித் திட்டின் ஓரத்தில் மெலனோசைட்டைத் தாக்கிக்கொண்டிருக்கும் டி செல்களைப் பார்த்து, அந்தத் தாக்குதலை மெலனோமாவின் மேல் திருப்ப முடியுமா என்று கேட்டவர். எனக்குப் பிடித்த கேள்வி அது.

ஆய்வகத்தில் கறுப்பு எலிகளுக்கு மெலனோமா செல்லைச் செலுத்தி, அதற்கெதிராகத் தடுப்பூசி போடுவோம். தடுப்பூசி வேலை செய்தால் கட்டி சுருங்கும். கூடவே எலியின் கறுப்பு ரோமத்தில் வெள்ளைத் திட்டு விழும். காலையில் கூண்டைத் திறந்து வெள்ளையைப் பார்த்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். மனிதர்களிலும் அப்படித்தான். 1996இலேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க், எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்குப் பலன் கிடைத்த மெலனோமா நோயாளிகளுக்கு வெண்புள்ளி வருவதை எழுதியிருந்தார். ஒருநாள் மருத்துவமனைச் சுற்றில் எங்கள் பேராசிரியர் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, அங்கே புதிதாக வந்திருந்த வெண்திட்டைக் காட்டி வாழ்த்துச் சொன்னார். அந்த மனிதரின் மனைவி அழுதுவிட்டார், சந்தோஷத்தில். ஏற்கெனவே வெளுத்த தோலில் அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று நான் குனிந்து தேட வேண்டியிருந்தது. அன்றிரவு சித்திக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து அரசு வேலையில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகிரியில் தாத்தா வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். சித்தப்பா இறந்தபிறகு சித்தி அங்கேதான் இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. வந்தவர்கள் அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத் தயங்குவார்கள். "டாக்டரம்மா சித்திக்கே சரியாகலையே" என்று ஒருவர் கேட்டே விட்டார். "எனக்கு இவ பொறக்குததுக்கு முன்னாடியே வந்துட்டு. உமக்கு இப்பத்தான வந்திருக்கு, உள்ள போரும்" என்றாள்.

2010இல் வெண்குஷ்டம் என்ற சொல்லை விட்டு வெண்புள்ளிகள் என்று எழுத வேண்டுமெனத் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. சென்னையில் உமாபதி தொடங்கிய வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் விடாமல் கேட்டு வாங்கியது அது. நான் ஆணையைப் பற்றிச் சித்தியிடம் சொன்னேன். "பேரை மாத்துனா தட்டு மாறுமா" என்றாள். ஆனால் டோக்கன் நோட்டில் மறுவாரத்திலிருந்து வெண்புள்ளி என்று எழுதினாள். (குஷ்டத்தையே விவாகரத்துக்குக் காரணமாகச் சொல்லலாம் என்றிருந்த சட்டப்பிரிவு 2019இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் எத்தனை பேரை எந்தப் பெயரைச் சொல்லி அனுப்பினார்களோ.)

அந்த வருடங்களில் ஒரு தாயும் மகளும் மாதம் ஒருமுறை வருவார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது, கண்ணோரத்திலும் முழங்காலிலும் திட்டு. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மகளை என் முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, சுவரோரம் நிற்பார். வழக்கமான கேள்வி அவரிடமிருந்துதான் வரும். தை மாதத்துக்குள் ஆயிருமா, வைகாசிக்குள் ஆயிருமா. நான் மகளுக்கு மருந்து எழுதி, வெயிலில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லி அனுப்புவேன். முகத்துத் திட்டில் மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பத்தாவது மாதமோ என்னவோ, அவர்கள் போனபிறகு சித்தி உள்ளே வந்தாள். "ஏட்டி, அந்தப் பொம்பள காலைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. எங்கள் ஊரில் டாக்டர் அறைக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. பத்து மாதமும் அவர் என் முன்னால் வெறுங்காலோடுதான் நின்றிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தி, அவர் படியில் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஏறுவதைப் பார்த்திருக்கிறாள். ஆளனுப்பித் திரும்பக் கூப்பிட்டேன். "அது ஒண்ணுமில்ல தாயி, வயக்காட்டுல முள்ளுக் குத்துன எடம். சேத்துப்புண்ணு வேற" என்று காலைக் காட்டவே கூச்சப்பட்டார். குதிகாலில் கறுப்பு, ஓரம் சமமில்லாமல் மை கொட்டினதுபோல் பரவி, நடுவில் வெடித்துப் புண்ணாகியிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

மெலனோமா வெயிலால் வரும் வெள்ளைக்காரர் நோய் என்று படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு அது முதுகிலும் காலிலும், வெயில் படும் இடத்தில் வருகிறது. நம்மைப்போன்ற தோலில் அபூர்வம், உண்மைதான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1981இல் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இதுதான், அவரும் முதலில் பந்தாட்டத்தில் பட்ட அடி என்று நினைத்தார். தோல் கறுப்பாக இருந்தால் மெலனோமா வராது என்ற நம்பிக்கையிலேயே நம் ஆட்கள் முற்றியபிறகு வருகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்த நோயோடு குடும்பம் நடத்தியவள் நான். எலியின் வாலைத் தூக்கிப் பார்ப்பேன்.

பெரிய ஊருக்கு அனுப்பினோம். குதிகாலையும் நெறியையும் எடுத்தார்கள். ஒன்றரை வருடம் இருந்தார். கடைசியாகப் பார்த்தபோதும் மகளின் கண்ணோரத்தைத் தடவிக் காட்டி, "நல்லா வந்துட்டுல்லா" என்று என்னிடம் கேட்டார். நல்லா வந்துட்டும்மா என்றேன்.

அந்தக் கேள்வியை நான் ஏன் அத்தனை நாள் வெறுத்தேன் என்று யோசித்திருக்கிறேன். வெறுத்ததால்தான் கேட்டவரின் முகத்தையே நான் சரியாகப் பார்க்கவில்லை, பிறகல்லவா கால். மகளுக்குத் திட்டு வந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் மருத்துவம் என்றால் மகளுடைய தோல் மட்டும்தான். தாய்க்கு வலி இருந்திருக்கிறது. அதைச் சொன்னால் பஸ் காசும் கூலியும் இரண்டாகப் பிரியும். மகள் இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். முழங்காலுக்கு வைத்தியம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது என் அறைக்கு யார் வந்தாலும், கூட வந்தவர் உட்பட, காலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். கூச்சப்படுவார்கள், முக்கியமாக வயதான பெண்கள். டாக்டரிடம் காலை நீட்டுவது மரியாதையில்லை என்பார்கள். திண்ணையில் சித்தி ஒரு வாளித் தண்ணீர் வைத்து, "காலைக் கழுவிட்டு உள்ள போங்க, பாப்பா பாக்கும்" என்று அனுப்புகிறாள். பெரும்பாலும் வெடிப்பு, ஆணி, சேற்றுப்புண்தான். பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

2022 ஜூலையில் வெண்புள்ளிக்கு நிறம் திரும்ப வைக்கும் முதல் மருந்தென்று ருக்சோலிடினிப் க்ரீமுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பாற்றல் செல்லுக்குள் போகும் உத்தரவை வழியிலேயே நிறுத்தும் மருந்து. அதே குடும்பத்து மருந்து ஒன்றின் களிம்பைச் சித்திக்குக் கொண்டுபோனேன். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்ணாடி எடுத்து வந்து, எந்த இடத்தில் தொடங்கலாம் என்று அவள் முகத்தைக் காட்டி விளக்கினேன். இத்தனை வருடத்தில் உதட்டிலிருந்து கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"மூஞ்சி எனக்குப் பழகிட்டு" என்று கண்ணாடியைத் தள்ளி வைத்தாள். "கையை மட்டும் சரி பண்ணித் தா. ஆக்கிப்போடுத கை. கல்யாண வீட்டுல நான் பரிமாற வந்தா எலையை மடிச்சிருதாவ."

தோலில் நிறம் திரும்புவது மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருக்கும் மெலனோசைட்டுகளிலிருந்து. முகத்தில் அவை நிறைய. விரல் நுனியில் மயிர்க்காலே கிடையாது. களிம்புக்கும் ஒளிக்கும் கடைசிவரை மசியாத இடம் அதுதான் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

"வர நாளாகும் சித்தி" என்றேன்.

"எத்தனை நாளு?"

நான் அவள் கையை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவத் தொடங்கினேன். வெளியே யாரோ டோக்கன் கேட்டார்கள். "இரும், கையில மருந்து போடுதாவ" என்றாள்.